தள்ளிப்போடுவதா, கைவிடுவதா? ‘புட் ஆஃப்’ பற்றி வாசகர் கேள்விகள்

‘த மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப்’ என்று மேனேஜர் மெயில் அனுப்பினார். கூட்டமே கிடையாது என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நடந்திருக்கிறது!

கூட்டம் உண்டு, நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது. ரத்து என்றால் ‘கால்ட் ஆஃப்’ என்று எழுதியிருப்பார். இனிமேல் இப்படி வந்தால், ‘அன்டில் வென்?’ என்று உடனே கேட்டுவிடுங்கள்.

‘ஐ புட் ஆஃப் இட்’ என்று எழுதினேன். தப்பு என்கிறாள் மகள். ஏன்?

மகள் சொன்னது சரி. ‘இட்’, ‘தெம்’ போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் உட்காரும்: ‘ஐ புட் இட் ஆஃப்’. பெயர்ச்சொல் என்றால் ‘புட் ஆஃப் த ட்ரிப்’, ‘புட் த ட்ரிப் ஆஃப்’ இரண்டும் சரி.

நமக்கு இது வழுக்குவதில் ஆச்சரியமில்லை. நம் ‘தள்ளிப்போடு’வும் இதே ஜாதிதான். எதையும் கையால் தள்ளுவதில்லை, கீழே போடுவதுமில்லை. இரண்டும் சேர்ந்து புதிதாக ஒரு பொருள் தருகின்றன. ‘கண்டுபிடி’யும் அப்படியே. ஆனால் ‘அதைத் தள்ளிப்போட்டேன்’ என்போம். ‘தள்ளி அதைப் போட்டேன்’ என்று பிரித்தால் பொருளே மாறிவிடும். பிரிக்காத அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் கூடவே வருகிறது. ‘புட் இட் ஆஃப்’ என்று வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். வேகமாகச் சொன்னால் ‘புட்டிட்டாஃப்’ என்று ஒரே சொல்லாக ஒலிக்கும். காது பழகிவிட்டால் விதியை நினைக்கவே வேண்டாம்.

‘புட் ஆஃப் டு கோ’வா, ‘புட் ஆஃப் கோயிங்’கா?

‘கோயிங்’தான். ‘ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’ என்றால் பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன். இறந்த காலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ கிடையாது.

‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று படித்தேன். வாடை எப்படி ஆளைத் தள்ளிப்போடும்?

இங்கே பொருள் வேறு. அந்த வாடையில் சாப்பிடும் ஆசையே போய்விட்டது என்று அர்த்தம். ‘இட் புட் மீ ஆஃப் ஃபிஷ்’ என்றால், அதற்கப்புறம் மீன் என்றாலே வேண்டாம் என்றாகிவிட்டது.

ஆனால் கடன் கொடுத்தவர் ‘ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்’ என்றால், ‘இன்று, நாளை என்று இழுத்தடிக்கிறான்’ என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. அந்த இழுத்தடிப்பை ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லால் சொல்லவே முடியாது.

‘புட் ஆஃப் த லைட்’ சரியா?

நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். தேர்விலும் வெளிநாட்டவரிடமும் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ போடுங்கள்.