பெரிய பிரேக் போட்ட பிறகு பெடல் ஏன் அமுங்குகிறது?

கேள்வி: என் பழைய ஸ்விஃப்ட்டில் முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய கேலிப்பரும் போட்டேன். பின்னால் பழைய டிரம்தான். அன்று முதல் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு தடவை ஏர் எடுத்தாயிற்று. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது கேலிப்பரை வலப்பக்கம் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் அது வெளியே வராது. போல்ட்டெல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் மாட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது. நான்கு தடவை ஏர் எடுத்த பிறகு என்னிடம் வந்த ஒரு காரில் கோளாறு இதுதான். பக்கம் மாற்றி மாட்டி ஏர் எடுத்ததும் பெடல் கெட்டியாகிவிட்டது.

நிப்பிள் சரியாக இருந்தால், ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துப் பெடலை மிதியுங்கள். முன்பைவிட மேலேயே நின்றால், பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கு இடைவெளி அதிகம். அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும், செலவில்லை. வேகமாக நான்கைந்து தடவை மிதித்ததும் கெட்டியானால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், ஆயில் டப்பா ஒருமுறை வற்றியிருந்தால் அந்த யூனிட்டுக்குள்ளும் காற்று புகுந்திருக்கலாம். ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் ஓடும்போது ஒரே அழுத்தமாக மிதித்து வைத்தால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிப்பதாலேயே சீல் கிழிவதுண்டு. வழக்கமாகப் போகாத ஆழத்தில் படிந்திருக்கும் அழுக்கும் துருவும் அதைக் கீறிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் உண்டு. கேலிப்பர் பிஸ்டன் 48 மி.மீ.யிலிருந்து 54 மி.மீ. ஆனால் பரப்பு சுமார் 27 சதவீதம் கூடும்; அதைத் தள்ள அத்தனை கூடுதல் ஆயில் வேண்டும். ஆனால் அப்போது பெடல் நீளமாகப் போய்க் கெட்டியாக நிற்கும், பஞ்சு மாதிரி இருக்காது. உங்கள் பெடல் அப்படி நின்றால் மட்டும் பெரிய மாஸ்டர் சிலிண்டரை யோசியுங்கள். அதைப் போட்டால் காலுக்குக் கூடுதல் பலம் தேவைப்படும், அதற்கும் தயாராக இருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பஞ்சுத்தனம் போகாவிட்டால் கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். டிஸ்க்குக்கு நேராக உட்காராமல் சாய்ந்திருந்தால், மிதிக்கும்போதெல்லாம் டிஸ்க்கை அழுத்தும் பேட் வளைந்து கொடுக்கும். பேடைக் கழற்றினால் ஒரு முனை மட்டும் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.