பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு மேனுவலுக்கு மாறலாமா?

அடையாறு வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் 1994 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. ஸ்டீயரிங் ரேக்கில் ஆயில் ஒழுகுகிறது. பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆயில் பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மேனுவல் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். பத்து நாளாக பெல்ட் இல்லாமல் ஓட்டுகிறேன். பார்க்கிங்கில் தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருக்கிறது. மேனுவல் என்றாலே இப்படித்தானா? ஞாயிறு காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போவேன். சில நாள் கிண்டி ஆபீசுக்கும் எடுப்பேன்."

இல்லை, இப்படி இருக்காது. இந்தப் பத்து நாளும் நீங்கள் ஓட்டியது பம்ப் நின்றுபோன பவர் ஸ்டீயரிங். அதை வைத்து மேனுவலை எடை போடாதீர்கள்.

ரேக் என்பது ஸ்டீயரிங் சுற்றுவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பார். பவர் ரேக்கின் உள்ளே அந்த பாரில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஆயில் நிற்கும். நீங்கள் திருப்பும்போது ஒரு பக்க ஆயில் வெளியேறி மறுபக்கம் போயாக வேண்டும். பம்ப் இல்லாதபோது அந்த ஆயிலை, அதைப் பக்கம் மாற்றிவிடும் வால்வின் குறுகிய வழிகளில் உங்கள் கைதான் தள்ளுகிறது. போதாததற்கு, உங்கள் காரின் பவர் ரேக்கில் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சுமார் 2.8 சுற்று, கம்பெனியே போட்ட மேனுவல் ரேக்கில் சுமார் 3.3 சுற்று. சுற்று கூடினால் கைக்கு பாரம் குறையும். பைப்பை இணைப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

இணைத்த பைப்பில் ஆயில் குறைந்து உள்ளே காற்றும் ஈரமும் புகுந்தால் துருப் பிடிக்கும். நம் ஊர் உப்புக் காற்றும் மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து, பூட் (ரப்பர் உறை) கிழிந்த ஒரு ரேக்கை என்ன செய்யும் என்பதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பார் முழுவதும் பள்ளம் பள்ளமாக இருந்தது. அதற்குப் பிறகு அதில் எந்த சீல் போட்டாலும் நிற்காது.

சரி, என்ன செய்யலாம்? முதல் வழி, அதே காருக்கு வந்த மேனுவல் ரேக். நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து வாங்கிவிடாதீர்கள். அங்கே வருவது இடதுபக்க ஸ்டீயரிங் ரேக், நமக்குப் பொருந்தாது. ஜப்பானில் இதே கார் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றது. அங்கே, இல்லாவிட்டால் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ தேடுங்கள். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பெல்ட், பேரிங், பூட் போன்றவற்றுக்கு அலையலாம். இந்த ரேக் அங்கே கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது வழி, இருக்கும் ரேக்கையே பிரித்து பிஸ்டன் சீலை எடுத்து, ஆயிலை வடித்து, கிரீஸ் வைப்பது. இதில் பலர் பாதியில் விட்டுவிடுவது பினியன், அதாவது ரேக்கின் பற்களைத் தள்ளும் சின்ன பல் சக்கரம். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் பினியனும் ஒரு மெல்லிய டார்ஷன் பாரால் இணைந்திருக்கும். அது முறுக்கிக் கொள்வதால்தான் வால்வு திறக்கிறது. உதவி போன பிறகு அந்த முறுக்கு வெறும் பிளேயாக (தளர்வாக) கையில் தெரியும். நேர்கோட்டில் போகும்போது முன் சக்கரம் எங்கே பார்க்கிறது என்றே புரியாது. அதைப் போக்க ஷாஃப்ட்டையும் பினியனையும் சேர்த்து வெல்டிங் செய்வார்கள். ஸ்டீயரிங் பாகத்தில் வெல்டிங் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. தெருமுனைப் பட்டறையில் தயவுசெய்து செய்யாதீர்கள். ரேக் வேலை தெரிந்த, டிக் வெல்டிங் சுத்தமாகச் செய்யும் ஆள் கிடைக்காவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஏசி. பெல்ட்டைக் கழற்றியதும் அதுவும் நின்றிருக்குமே? உங்கள் காரில் பம்ப்பும் ஏசி கம்ப்ரஸரும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன, அந்த பெல்ட்டை இறுக்குவதும் பம்ப் பக்கம்தான். ஆகவே பம்ப்பை எடுத்தால் அதற்குப் பதில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு ஐட்லர் புல்லி (சும்மா சுழலும் உருளை) வேண்டும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத சின்ன ரோட்ஸ்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேனுவல் ரேக் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்குங்கள்.

இந்த கார் சுமார் ஆயிரம் கிலோதான். மேனுவல் அதற்கு இயல்பாகவே பொருந்தும். ஆனால் டயரை அகலமாக்கினால் பாரம் திரும்ப வந்துவிடும். அந்தக் காலத்து 185 மி.மீ. அகலத்திலேயே நில்லுங்கள். சின்ன விட்டமுள்ள ஸ்டீயரிங் வீலும் வேண்டாம். நின்ற இடத்தில் திருப்பாமல் வண்டியைக் கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்கள், தி.நகர் பார்க்கிங்கில்கூட கை பழகிவிடும்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கம்பெனியே கொடுத்த ரேக் என்றால் விளக்கம் சொல்வது எளிது. இருந்தாலும் வேலைக்கு முன் ஆர்டிஓவில் கேட்டுக்கொண்டு, இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன், ஒழுகும் இடம் எது என்று பாருங்கள். ஹோஸ் மூட்டிலோ பம்ப்பிலோ ஒழுகும் ஆயில் ரேக் மேல் வழிந்து நம்மை ஏமாற்றும். துடைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ்தான் என்றால் அதை மாற்றிவிட்டு இந்த ரேக்கோடே மாமல்லபுரம் போய் வாருங்கள். ரேக்கேதான் என்றால் மேனுவலுக்கு மாறுங்கள். மாட்டிய கையோடு அலைன்மென்ட் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரேக் போல்ட்டுகளையும் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.