வெரெவ்கினின் வலது கை

அன்புள்ள ஐயா,

ரஷ்ய ஓவியர் அலெக்ஸி யவ்லென்ஸ்கி கடைசிக் காலத்தில் வரைந்த சின்னச் சின்ன முகங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிய பிறகு, தூரிகையை இரண்டு கைகளாலும் பிடித்து வரைந்தாராம். அழுதுவிட்டேன். ஆனால் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைவது கற்பனை வற்றியதால்தானே? அந்தக் கறுப்பும் அரக்கும் அவருடைய வலிதானா? நானும் வரைகிறவள். என் கணவரும் ஓவியர். அவர் ஒரு நிலைக்கு வரும்வரை நான் தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அவரோடு வாழ்ந்த ஓவியர் மரியன்னே வெரெவ்கின் யவ்லென்ஸ்கிக்காகச் செய்ததைப் போல. வீட்டில் ஓர் ஓவியர் போதுமே.

ம.

அன்புள்ள ம.,

கறுப்பு என்றால் வலி, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்கிற கணக்கை முதலில் விடுங்கள். கற்பனை வற்றவும் இல்லை. 1914இல் போர் மூண்டதும் ரஷ்யர் என்பதால் யவ்லென்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு சிற்றூரில் தங்கி, ஒரே ஜன்னலில் தெரிந்த பாதையையும் மரங்களையும் மறுபடி மறுபடி வரைந்தார். அந்தப் பழக்கத்தில் வந்தவைதான் 1934 முதல் 1937 வரை வரைந்த 'தியானங்கள்'. மூக்குக்கு ஒரு நெடுங்கோடு, கண்ணுக்கும் வாய்க்கும் குறுக்குக் கோடுகள், அவ்வளவுதான். கிட்டே போய்ப் பாருங்கள். தூரிகை மயிரின் தடம் அப்படியே இருக்கும். தடங்களுக்கு இடையில் அடி வண்ணம் கசிந்து ஒளிரும்.

சரி, அவர் கைகளுக்காக அழுதீர்கள். வெரெவ்கினின் கையைப் பற்றி ஏன் ஒரு வரி இல்லை?

1888இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து அவருடைய வலது கையில் குண்டு பாய்ந்தது. வரைகிற கை. அந்தக் கையைத் தூரிகைக்கு மறுபடி பழக்கி எடுத்தவர் அவர். புகழ்பெற்ற ரஷ்ய ஓவியர் ரேப்பினின் மாணவி, 'ரஷ்யாவின் ரெம்பிராண்ட்' என்று பேசப்பட்டவர். 1896இல் யவ்லென்ஸ்கியோடு மியூனிக் வந்தபின் பத்தாண்டு போல வரைவதையே நிறுத்திவிட்டார். தளபதியாக இருந்த தந்தை இறந்தபின் ஜார் அரசு தந்த உதவித்தொகையில்தான் அந்த வீடு நடந்தது. அதே வீட்டில் வேலை செய்த பதின்வயதுப் பெண் ஹெலனுக்கு 1902இல் யவ்லென்ஸ்கியின் மகன் பிறந்தான். வெரெவ்கின் நோட்டுகளில் எழுதித் தீர்த்தார்.

இதையா நீங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டீர்கள்? எனக்குக் கோபம்தான் வருகிறது. வெரெவ்கின் நிறுத்தியதால்தான் யவ்லென்ஸ்கி வளர்ந்தார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அவருடைய வண்ணம் முழுசாகத் திறந்துகொண்டது 1908இல், தெற்கு ஜெர்மனியின் முர்னாவில், ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் மியூன்டரும் கூட இருந்த கோடையில் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்போது வெரெவ்கின் மறுபடி வரைய ஆரம்பித்துவிட்டார். ஒரே ஊரில், ஒரே வெளிச்சத்தில், இரண்டு பேரும் வரைந்தார்கள்.

மியூனிக் லென்பாஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெரெவ்கினின் சுயசித்திரத்தைத் தேடிப் பாருங்கள். ஐம்பது வயதை ஒட்டி வரைந்தது. பூ வைத்த தொப்பி, நம் பக்கம் திரும்பிய முகம், ரத்தச் சிவப்பில் கருவிழிகள். இழந்த பத்தாண்டில் இப்படி எத்தனை வந்திருக்கும்!

1917 புரட்சியோடு உதவித்தொகை நின்றது. 1921இல் யவ்லென்ஸ்கி ஜெர்மனியின் வீஸ்பாடன் போய், மறு வருஷம் ஹெலனை மணந்தார். வெரெவ்கின் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவிலேயே கஷ்டத்தோடு வரைந்து வாழ்ந்து 1938இல் இறந்தார். யவ்லென்ஸ்கியின் படங்கள் எனக்கு உயிர். அதற்காக இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

என் பெரியக்கா வயலின் வாசித்தவள். அத்தானின் படிப்பு முடியட்டும் என்று பெட்டியை மூடினாள். அப்புறம் திறக்கவேயில்லை. அத்தான் நல்லவர், நிறுத்தச் சொன்னவரும் அவர் இல்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை. உங்கள் கடிதத்திலும் கணவர் என்ன சொன்னார் என்பது எங்குமே இல்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள் அம்மா. காட்டிவிட்டு, இன்றைக்கே வரைய உட்காருங்கள். ஒரே முகம்தான் வருகிறது என்றால் அதையே வரையுங்கள்.