கன்னம், கடன், ஞாயிற்றுக்கிழமை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இயேசுவின் மலைப்பிரசங்கத்தை (மத்தேயு 5-7) வேதபாடத்தில் படித்து முடித்ததும் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், சிங்கப்பூரின் பல மூலைகளிலிருந்தும் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: இந்த வசனங்கள் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை. எடுத்து அடுத்தவர் தலையில் போடாதீர்கள்.

அக்கா, அண்ணன் தொழிலுக்கு 20,000 வெள்ளி கேட்கிறார். முன்னே வாங்கியதே இன்னும் வரவில்லை. "கேட்கிறவனுக்குக் கொடு" என்று இருக்கிறதே? (உட்லண்ட்ஸ்)

மத்தேயு 5:42-ஐச் சொல்கிறீர்கள். அதோடு உபாகமம் 15-ஐயும் படியுங்கள். ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிட வேண்டும், அது நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து ஏழைச் சகோதரனுக்குக் கையை மூடாதே என்கிறது. அங்கே பேச்சு, சாப்பாட்டுக்கு வழியில்லாதவனைப் பற்றி. கடைக்கு முதல் போடுவது வேறு சங்கதி, அதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்த கையோடு அண்ணியிடம் கேளுங்கள், வீட்டில் மளிகை இருக்கிறதா, கரண்டு பில் கட்டியாயிற்றா என்று. இல்லை என்றால் அதைக் கொடுங்கள், லூக்கா 6:35 சொல்கிறபடி திரும்ப வரும் என்று எதிர்பார்க்காமல் கொடுங்கள். முடியாது என்பதையும் நேரில் போய்ச் சொல்லுங்கள், அவர் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாமல் நாள் கணக்காக ஒதுங்கிப் போவதுதான், கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்று மத்தேயு 5:42 கண்டிக்கிற முகங்கோணல். ஜாமீன் கையெழுத்து கேட்டால், பிறர் கடனுக்குப் பிணைப்படாதே என்கிற நீதிமொழிகள் 22:26, 27-ஐப் படியுங்கள்.

கட்டட வேலைக்கு ஏறி நிற்கிற சாரத்தைச் சோதித்ததாகத் தினமும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மழை வந்தால் சோதிக்க யாரும் மேலே ஏறுவதில்லை, மேனேஜர் "சும்மா போடு" என்கிறார். சின்ன விஷயம்தானே அக்கா? (துவாஸ்)

சின்ன விஷயம் இல்லை தம்பி. அந்தக் கட்டத்தில் நீங்கள் போடுகிற டிக்கை நம்பித்தான் ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்த ஒருவர் காலையில் மேலே ஏறுகிறார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல் (மத்தேயு 5:37) என்பதற்கு இதைவிட நேரடியான இடம் கிடைக்காது. "மழை, சோதிக்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் நெருக்கினால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது, அதனால்தான் இது கடினமான போதனை.

வீட்டில் அடி விழுகிறது. சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னேன், மறு கன்னத்தைக் காட்டு, ஜெபம் பண்ணு என்றார். (ஊர் வேண்டாம்)

தங்கச்சி, அவர் சொன்னது தவறு. மத்தேயு 5:39 வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்கிறது. வலது கைக்காரன் எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். அது அவமானப்படுத்துகிற அடி என்று விளக்குகிறவர்கள் உண்டு, எனக்கும் அது சரி என்றே படுகிறது. பழிக்குப் பழி வாங்காதே என்பதுதான் அங்கே பேச்சு, உயிருக்கு ஆபத்தான வீட்டுக்குள் உட்கார்ந்திரு என்பதல்ல. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசுவே மறு கன்னத்தைக் காட்டவில்லை, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். குடும்ப வன்முறைக்கான உதவி எண் 1800-777-0000, இரவிலும் எடுப்பார்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பைப் பற்றி அங்கே போன பிறகு, நீங்களாக எப்போது பேச விரும்புகிறீர்களோ அப்போது பேசலாம்.

மறுபடியும் சொல்கிறேன்: வசனத்தை அடுத்தவர் தலையில் போடாதீர்கள்.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) சம்பளத்தில் மசேநி (மத்திய சேம நிதி) பிடிப்பதற்கு முன்னா, பின்னா?

தசமபாகத்தைக் கணக்காகக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கண்டிக்கிற மத்தேயு 23:23 படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாமியார் இந்து. தீபாவளிக்கு அவர் வீட்டில் சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள். 1 கொரிந்தியர் 10:27 விசாரிக்காமல் சாப்பிடு என்கிறது. படையல் என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த வசனத்தின்படி பணிவாக வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் சுட்ட முறுக்கைத் திருப்பி அனுப்பி மாமியாரை நோகடிப்பது எந்த வசனத்திலும் இல்லை.

நண்பனுக்குக் கடன் கொடுக்கலாமா?

முதல் பதில்.

எங்கள் பணிப்பெண் ஞாயிறு லீவு கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் எல்லாரும் சபைக்குப் போகிறோம், பாட்டியை யார் பார்ப்பது? (ஈசூன்)

உபாகமம் 5:14-ஐ எடுங்கள். ஓய்வுநாள் கட்டளையிலேயே உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. அவர் வேலை செய்தால்தான் நம் ஆராதனை நடக்கும் என்றால் அந்தக் கட்டளையில் பாதியை விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் நுழைகிறோம். சட்டமும் 2013 முதல் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வுநாள் உண்டு என்கிறது. 2023 ஜனவரியிலிருந்து, மாதத்தில் ஒரு நாளாவது லீவு கொடுத்தே ஆக வேண்டும், அந்த நாளைக் காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது.

(பீஷான், இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு) அக்கா, அவர்களே காசுதான் வேண்டும் என்கிறார்கள்!

சிலர் அப்படிக் கேட்பது உண்மைதான், ஊரில் கடன் இருக்கும். ஆனால் எப்படிக் கேட்டீர்கள்? "லீவு போகணுமா, காசு வேணுமா" என்று முதலாளி நின்றுகொண்டு கேட்டால் அவர் என்ன சொல்வார்? லீவுக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

(செங்காங்) வெளியே விட்டால் கெட்ட சகவாசம் வரும். நாங்கள் அவருடைய சம்பளத்தைக்கூட நாங்களே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதை விட முடியாது. அவர் சம்பளத்தை நீங்கள் வைத்திருப்பதற்கு 2019 முதல் அனுமதி இல்லை, அவர் கணக்கில் போடுங்கள். லேவியராகமம் 19:13 கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே என்கிறது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. வயது வந்த பெண்மணியின் சகவாசத்துக்கு நீங்கள் காவல் இல்லை.

(ஈசூன்) எல்லாரும் என்னைத் திட்டுகிறீர்கள், பாட்டிக்கு வழி சொல்லவில்லையே.

நியாயம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர்? முறை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆராதனைக்கு இருவர், மாலைக்கு இருவர். வார இறுதியிலும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையங்கள் சில உண்டு, விசாரியுங்கள். பாட்டிக்கு டயபர் மாற்றுவது, மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையெல்லாம் இந்த வாரமே பணிப்பெண்ணிடம் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டு ஆண்களும்தான். முறை விழுந்த வாரம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சங்கீதம் படித்துக் காட்டுங்கள், அதுவும் ஆராதனைதான்.

விவாகரத்து ஆனவர் மறுமணம் செய்யலாமா?

இதற்கு மெதடிஸ்ட் சபையில் ஒரு முறை, கத்தோலிக்கத் திருச்சபையில் வேறு முறை. உங்கள் போதகரையோ பங்குத்தந்தையையோ நேரில் பாருங்கள், எழுத்தில் இதை நான் தொட மாட்டேன்.