பெரிய அரசியல்வாதி ஒருவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால், ஊர்ச்சனமும் பத்திரிகைகளும் அவரை எப்படிப் பார்க்கும்?

நான் இலங்கையின் திருகோணமலை, சுருக்கமாகத் திருமலை. எங்கள் ஊர்க்காரர் இரா. சம்பந்தன். 1977இல் முதல்தடவை நாடாளுமன்றம் போனவர், 2024 ஜூன் 30இல் 91 வயதில் காலமானபோதும் திருமலை எம்பிதான். 1983க்குப் பிறகு பல வருட இடைவெளி, 1997இல் மறுபடி உள்ளே. 2001 முதல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர், 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த தமிழர் இவர்தான்.

என் பார்வையில், பத்திரிகைகள் பார்த்தது தலைவரை, ஊர் பார்த்தது எம்பியை. நாங்கள் காலையில் கையில் எடுப்பது கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற பேப்பர்கள். அவற்றில் சம்பந்தன் என்றால் தமிழர் பிரச்சினைக்கு அரசியல் தீர்வு, இந்தியத் தூதுவர் சந்திப்பு, ஜெனீவாவின் ஐ.நா. மனித உரிமைப் பேரவை. 2016க்குள் தீர்வு வரும் என்று அவர் சொன்னது தலைப்புச் செய்தியாக வந்தது. அதைத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தால், பக்கத்தில் இருப்பவர் கேட்பது வேறு: "அது சரி, சம்பூர்க் காணி என்ன மாதிரி?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சம்பூர் எங்கள் மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்து ஊர். 2006இல் சண்டையில் அந்தச் சனம் முழுதாக இடம்பெயர்ந்தது. அவர்களுடைய காணியில் ஒரு பகுதி முதலீட்டு வலயத்துக்கு என்று போனது, இன்னொரு பகுதியில் கடற்படை முகாம் வந்தது. அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றும் சொன்னார்கள். வருடக்கணக்காகக் கொட்டிலில் இருந்த சனத்துக்கு 2015இல்தான் 818 ஏக்கர் விடுபட்டது. அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. சம்பந்தன் ஐயா தலைவராக இருந்தபடியால்தான் இது நடந்தது என்று நன்றியோடு சொல்பவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் இன்னும் செய்திருக்கலாம் என்று கோபப்படுபவர்களையும் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள். கோபப்படுகிறவரும் அவரை "ஐயா" என்றுதான் சொல்வார்.

வாக்கிலும் இது தெரிந்தது. கட்சிக்கு வாக்குப் போடுகிறவர்கள் அதன் வேட்பாளர்களில் தாம் விரும்புகிறவருக்குப் போடுவது விருப்பு வாக்கு. 2015இல் அவருக்கு விழுந்தது 33 ஆயிரத்துக்கு மேல். 2020இல் 21 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். ஆனாலும் வென்றார். நான்கு ஆசனம் உள்ள மாவட்டம் இது, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று தரப்பும் போட்டியிடும் இடம். இவரை விட்டால் அந்த ஒரு தமிழ் ஆசனமும் போய்விடுமோ என்ற பயம் ஊரில் எப்போதும் உண்டு. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் அவர் சபைக்கே போகாதபோது, பதவியை விடவேண்டும் என்ற பேச்சு கட்சிக்குள்ளிருந்தே வந்தது. பத்திரிகைகள் அதைக் கட்சிச் சண்டையாக எழுதின. எங்களுக்கு அது எங்கள் குரல் இல்லாமல் போன மாதங்கள்.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமலையை உள்ளிருந்து எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று அதிகாரத் தரப்பு சொன்னது. சுடர் ஒளி பத்திரிகையின் திருமலைச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிவந்தன. தலையில் சூட்டுக்காயம், யாரும் மறுக்க முடியாதபடி. அதே மாதம் 24ஆம் திகதி, வேலைக்குப் போகப் புறப்பட்ட காலையில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எவர் துணிந்து தெருத்தெருவாகப் போய் எழுதுவார்? ஊரைப் பற்றிய செய்திகள், வந்துசேரும் அறிக்கைகளை வைத்து எழுதுகிறவையாகச் சுருங்கின. எம்பி என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று ஊரிலிருந்தே கணக்குக் கேட்கும் எழுத்தும் அதோடு மெலிந்துபோனது. இது சம்பந்தனுக்கும் நல்லதாக அமையவில்லை என்றுதான் நினைக்கிறேன். தலைவர்களுக்கு ஊரின் கோபம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை இறுதிக்கிரியை. அடுத்தடுத்த நாட்களில் வந்த அஞ்சலிக் கட்டுரைகள் நிறைய வாசித்தேன். தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவின் காலம், ஒப்பந்தங்கள், பேச்சுவார்த்தைகள் எல்லாம் இருந்தன. மூதூர்ப் பக்கத்துச் சனம் அவரைப் பற்றி என்ன நினைத்தது என்று ஒரு பந்தி எழுதியவர்களை நான் காணவில்லை.

இதை வாசிப்பவர்களில் எழுதுகிறவர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். சம்பூருக்குப் போங்கள், அப்புறம் வடக்கே தென்னமரவாடிக்கும் போங்கள். 1977இல் அவருக்கு முதல் வாக்குப் போட்டவர்களுக்கு இப்போது எழுபது வயதை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். நல்லதும் கெட்டதும் ஒளிக்காமல் கதைப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.