இரண்டு ஆண்டு என்பது கணக்கில் ஓர் ஆண்டுதான்

கேள்வி: மகள் இந்த ஜூனில் பள்ளி முடித்தாள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யு.சி.) வளாகங்கள் எதிலும் கணினி அறிவியல் கிடைக்கவில்லை. வெளிமாநிலத்தில் கிடைத்த இடத்துக்குச் செலவு தாங்காது. டி ஆன்ஸா என்ற இரண்டாண்டு அரசுக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) படித்துவிட்டு யு.சி.யின் பெர்க்லி வளாகத்துக்கு மாற முடியுமா? இப்போது எச்-4 விசாவில் (பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறாள். கம்யூனிட்டி காலேஜ் என்று உறவினர்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சன்னிவேல்

பதில்: கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை. மாறுதல் இடங்களில் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான் யு.சி. முன்னுரிமை தருகிறது. வாங்கும் பட்டத்திலும் வித்தியாசம் கிடையாது. டி ஆன்ஸாவில் உள்ளூர் மாணவருக்கு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 31 டாலர். குவார்ட்டருக்கு (ஏறத்தாழ மூன்று மாதப் பருவம்) 15 யூனிட் எடுத்தால் 465 டாலர், மற்ற சில்லறைக் கட்டணங்கள் தனி. யு.சி.யில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டும்.

கவனிக்க வேண்டியது காலக்கணக்கை. யு.சி.க்கு விண்ணப்பம் அனுப்பும் காலம் இரண்டாம் ஆண்டின் அக்டோபர் 1-ல் தொடங்கி நவம்பர் இறுதியோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அன்றைக்கு அவள் கையில் இருப்பது முதலாண்டின் மூன்று குவார்ட்டர் மதிப்பெண்ணும், கோடையில் ஏதாவது படித்திருந்தால் அதுவும்தான். இலையுதிர் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் 'எடுக்கப்போகும் பாடம்' என்றுதான் போகும். சூழல் பழகட்டும் என்று முதல் குவார்ட்டரை லேசாகக் கழிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் முதுகெலும்பு கணிதம். செமஸ்டர் கல்லூரிகளில் மூன்று பகுதியாக வரும் கால்குலஸ், குவார்ட்டர் முறையிலுள்ள டி ஆன்ஸாவில் நான்கு பகுதி. அதோடு லீனியர் அல்ஜிப்ரா, டிஸ்க்ரீட் கணிதம், வளாகத்தைப் பொறுத்து டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. கால்குலஸ் தெரியாமல் பொறியியல் மாணவருக்கான இயற்பியலிலும் நுழைய முடியாது. ப்ரீகால்குலஸில் தொடங்கினால் இரண்டு ஆண்டில் முடிவது மிகக் கடினம், மூன்றாம் ஆண்டுக்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பள்ளியில் ஏ.பி. (கல்லூரி நிலைத் தேர்வு) கால்குலஸ் எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணை உடனே கல்லூரியில் பதியச் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டராவது மிச்சமாகும். நிரலாக்கமும் இப்படித்தான்: தொடக்க வகுப்பிலிருந்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் போய்ச் சேரவே மூன்று குவார்ட்டர் ஆகும்.

அதனால் முதல் குவார்ட்டரிலேயே கணிதம், நிரலாக்கம், ஆங்கிலக் கட்டுரை எழுத்து ஆகிய மூன்றும் இருக்கட்டும். யு.சி. கேட்கும் ஏழு பாடத் தொகுப்பில் ஆங்கிலக் கட்டுரை மட்டும் இரண்டு. வரலாறு, ஓவியம் போன்ற பொதுப்பாடங்களை முதலில் முடித்துவிடலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கணினி அறிவியலுக்கு அது தலைகீழ் வழி. துறைக்கான முன்பாடங்கள் குறைந்தால் பொதுப்பாடத்தில் வாங்கிய ஏ அதை ஈடுகட்டாது.

கல்லூரியில் படித்த எந்தப் பாடம் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பாருங்கள். கல்லூரி, வளாகம், துறை மூன்றையும் கொடுத்தால் பட்டியல் வரும். பெர்க்லியில் கணினி அறிவியல் ஒரு கல்லூரியிலும், மின்பொறியியலோடு சேர்ந்த இ.இ.சி.எஸ். பொறியியல் கல்லூரியிலும் இருப்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வகுப்பு நிரம்பிவிட்டால் அதே மாவட்டத்திலுள்ள ஃபுட்ஹில் கல்லூரியில் எடுக்கலாம். ஆனால் தொடர்வரிசைப் பாடங்களை நடுவில் செமஸ்டர் கல்லூரிக்கு மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நின்று, எதுவும் முழுதாக ஒப்புக்கொள்ளப்படாமல் போன கதைகள் நிறைய.

'டேக்' எனப்படும் இட உத்தரவாதத் திட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதில் இல்லை. சான்டா பார்பராவில் கணினி அறிவியல் பொறியியல் கல்லூரிக்குள் இருப்பதால் அங்கும் பயன்படாது. மற்ற வளாகங்களில் இந்தத் துறை அந்த ஆண்டுப் பட்டியலில் உண்டா என்று பார்த்த பிறகே, செப்டம்பர் மாதத்துக்குள், ஒரே ஒரு வளாகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெர்க்லியை மட்டும் குறி வைக்காமல் ஐந்தாறு வளாகங்களோடு, யு.சி.யைச் சேராத சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு துறையில் நுழைந்து உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பெரும்பாலும் பலிக்காது. யு.சி.யின் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி (4-க்கு) 2.4 என்பதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். அது கதவைத் தட்டுவதற்கான தகுதி, அவ்வளவுதான்.

விசா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் பச்சை அட்டை வராவிட்டால் பொதுவாக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். 18-ல் தொடங்குகிறவளுக்கு அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், பல்கலைக்கழகம் மாறிய ஓராண்டுக்குள் வரும். எஃப்-1 ஆனால் உள்ளூர்க் கட்டணச் சலுகை கேள்விக்குள்ளாகலாம். எச்-4-லேயே இருந்தாலோ சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. அந்த ஆட்சேர்ப்போ மூன்றாம் ஆண்டு தொடங்கும் இலையுதிரிலேயே நடக்கிறது. அவளுக்கு 20 வயதாவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும், சேர நினைக்கும் வளாகங்களின் வசிப்பிடப் பிரிவையும் கேட்டு, எந்த மாதம் மாறினால் எந்தக் கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.