கெமராவுக்குள்ள மாட்டிக்கிட்ட காமன் கூத்து

கேள்வி: அண்ணே, எங்க சித்தப்பா 2003ல குவைத்ல இருந்து கொண்டு வந்த சோனி ஹேண்டிகேம் இன்னும் ஓடுது. மினி டிவி (MiniDV) கெசட் ஒரு பெட்டி நிறைய இருக்கு, தோட்டத்துல நடந்த காமன்-ரதி கதைய ஆடுற காமன் கூத்து, அக்காவோட சடங்கு, தாத்தா தப்பு மேளம் அடிக்கிறது எல்லாம் அதுலதான். யுஎஸ்பி வயர்ல குடுத்தா மெமரி கார்டுல உள்ள போட்டோ மட்டுந்தான் வருது. டவுன்ல ஒரு கடையில குடுத்து எடுத்த சிடியில முகமே தெரியல. என்ன செய்ய? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: யுஎஸ்பிய விட்டுருங்க தங்கச்சி. அந்தக் காலத்து கெமராவுல அத வச்சதே போட்டோவுக்குத்தான், சிலதுல வீடியோ வந்தாலும் சின்னதா மங்கலா வரும். கெமராவோட பக்கத்துல 'ஐ-லிங்க்'னு எழுதின குட்டி ஓட்டை ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் ஃபயர்வயர், கெசட்டுல பதிஞ்ச டேட்டா ஒரு துளி குறையாம அப்படியே வர்ற வழி அது ஒண்ணுதான். கெமரா பக்கம் நாலு பின், கொம்பியூட்டர் பக்கம் பெரும்பாலும் ஆறு பின், அந்த மாதிரி வயர் கேளுங்க. இப்ப வர்ற லெப்டொப்புல அந்த சொக்கட் கிடையாது, அதனால யாராவது பழைய டவர் கொம்பியூட்டர் வச்சிருந்தா அதுல ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டுக்குங்க. ஒரு விசயம் மட்டும் ஏமாந்துறாதீங்க, ஒரு பக்கம் ஃபயர்வயர் ஒரு பக்கம் யுஎஸ்பின்னு மலிவா ஒரு அடப்டர் விக்கிறாங்க, அது இதுக்கு வேலையே செய்யாது, ரெண்டும் பேசுற விதமே வேற.

கெமராவுக்கு கரண்ட் சார்ஜர்ல இருந்தே குடுங்க, பழைய பெட்டரிய நம்பினா பாதியில நின்னுரும். கெசட்டுல உள்ள குட்டி பிளாஸ்டிக்க 'சேவ்' பக்கம் தள்ளிட்டு, ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி திருப்பி சுத்திட்டு அப்புறமா பிளே பண்ணுங்க, வருசக்கணக்கா அசையாம கிடந்த டேப் இறுகியிருக்கும். ஒரு மணி நேர கெசட் கொம்பியூட்டர்ல ஏற ஒரு மணி நேரமே ஆகும், அவசரப்படுத்த முடியாது, கிட்டத்தட்ட 13 ஜிபி இடம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32ங்கிற (FAT32) பழைய ஃபோர்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, இருபது நிமிசம் ஆகுறதுக்குள்ள கூத்து நின்னு போகும், அதனால என்டிஎஃப்எஸ்க்கு (NTFS) மாத்திக்குங்க, ஃபோர்மட் பண்ணி மாத்துனா அதுல உள்ளது அழிஞ்சிரும், முதல்ல வேற இடத்துல கொப்பி எடுத்து வைங்க.

இன்னொரு நல்ல விசயம், அன்னைக்கு கெமராவுல தேதி சரியா வச்சிருந்தா எடுத்த தேதி, நேரம் எல்லாம் அந்த டேட்டாவோட சேந்தே வரும், எந்த வருச மாசியில ஆடின கூத்துன்னு தெரிஞ்சிரும். யார் காமன் யார் ரதின்னு தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே பக்கத்துல உக்கார வச்சு பாத்து, பேர எழுதி வைங்க. உங்க தாத்தா அடிச்ச அடி அந்த கெசட்ட தவிர வேற எங்கயும் இல்ல, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: எங்ககிட்ட இருக்கது ஹை8ங்கிற (Hi8) பழைய வகை வீடியோ கெசட், கெமரா செத்துப் போச்சு. ஜன்னல் வழியா பாத்தா டேப் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி இருக்கு. வேற கெமராவுல போட்டு பாக்கலாமா? (வாசகர், நானுஓயா)

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க தம்பி! அது பூசணம், நம்ம பக்கத்து மூடுபனிக்கும் ஈரத்துக்கும் வர்றதுதான். அப்படியே ஓட்டினா கெமராவுல டேப்ப படிக்கிற ஹெட்ல ஒட்டி, அடுத்து போடுற நல்ல கெசட்டுக்கும் தொத்தும், டேப்பும் கிழியும். மத்த கெசட்டுல இருந்து பிரிச்சு சிலிக்கா ஜெல் பையோட மூடி வைங்க, வெயில்ல காய வைக்காதீங்க, டேப் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் குடுங்க. பூசணம் இல்லாத கெசட்டுகளுக்கு டிஜிட்டல்8 கெமரா ஒண்ண இரவல் கேட்டு பாருங்க, அதுல சில மொடல் ஹை8யும் ஓட்டி ஃபயர்வயர்லயே குடுக்கும். கிடைக்கலன்னா ஹை8 கெமராவுல இருந்து மஞ்ச வெள்ள சிவப்பு வயர எடுத்து படத்த கொம்பியூட்டர்ல ஏத்துற யுஎஸ்பி கெப்ச்சர் கருவி ஒண்ணுல குடுக்கணும், இந்த வேலைக்கு யுஎஸ்பி சரிதான். நாட்டுக்கு நாடு வீடியோ முறை வேற, நம்ம நாட்டு கெமரான்னா செட்டிங்ல பால்னு (PAL) வைங்க, ஜப்பான்லயோ கனடாவுலயோ வாங்கின கெமரான்னா என்டிஎஸ்சி (NTSC).

குளிர் ரூம்ல கிடந்த கெமராவ சூடான ரூமுக்கு கொண்டு வந்த உடனே ஓட்டாதீங்க, உள்ள ஈரம் பூத்து டேப் ஒட்டிக்கும், கெசட் போடாம ஒரு மணி நேரமாவது வெறுமனே விடுங்க.

கேள்வி: கொம்பியூட்டர்ல ஏத்தினதும் கெசட்ட வீசிறலாமா, வாட்ஸ்அப்ல அனுப்புறது எப்படி? (வாசகர், தலவாக்கலை)

பதில்: வீசாதீங்க. பெரிய ஃபைலையும் அழிக்காதீங்க, அத ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு ஒண்ண வேற ஊர்ல இருக்க சொந்தக்காரங்க வீட்டுல வைங்க. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்தையில மண் சரிஞ்சப்ப லய வீடுகளோட சேந்து ஆளும் போனாங்க, படமும் போச்சு, நம்ம மலையில ஒரே வீட்டுல எல்லாத்தையும் வைக்கக் கூடாது. அனுப்புறதுக்கு ஹேண்ட்பிரேக்னு இலவச சொஃப்ட்வெயார் இருக்கு, அதுல எம்பி4 ஆக்கினா ஃபைல் ரொம்ப சின்னதாகும். ஆளு அசையும்போது படத்துல சீப்புப் பல் மாதிரி கோடு வந்தா அதுலயே டிஇன்டர்லேஸ் போட்டு மறுபடி மாத்துங்க.